ஊத்துக்குளம் இறங்கிய காலை

அளவுப் பலகையில் நேற்று நின்ற இடத்தில் தண்ணீர் இல்லை.

முதலில் மூடுபனியைத்தான் சந்தேகப்பட்டேன். அந்தக் கார்த்திகையில் ஐந்து நாளாக வெயிலே இல்லை. குடையைக் கழுத்தோடு இடுக்கிக்கொண்டு, கரையோரப் புல்லைப் பிடித்துப் பிடித்து இறங்கி, பலகைக்கு அருகே போய் நின்று மறுபடி பார்த்தேன். முந்தின நாள் தண்ணீருக்குள் இருந்த எண்கள் வெளியே தெரிந்தன. அவற்றின் மேல் பாசி வழவழவென்று ஒட்டியிருந்தது. குளத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புச் சேறு, யாரோ மை பூசியதுபோல.

மேலே மழை கொட்டுகிறது. கீழே குளம் இறங்குகிறது.

நோட்டை எடுத்து எண்ணை எழுதினேன்.

போன வாரம் தொழிற்சாலையின் தேயிலைத் தூள் வாசனையைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "மலைவாழ்க்கை இவ்வளவு சுகமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருக்காகத்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்று பல வருஷம் தள்ளி வைத்திருந்தது.

கீழிருந்து வரும் தண்ணீர்

நான் அவிநாசிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி, நீலகிரியில் கட்டபெட்டுக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் தொழிற்சாலையில் ஃபிட்டர். எனக்கு ஆபீசில் கிளார்க் வேலை. தினமும் காலை எட்டு மணிக்கு மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளந்து பதிவேட்டில் எழுதுவதும் அந்த வேலையில் ஒன்று.

எங்கள் ஊரில் குளம் நிறைந்தால் எப்படி நிறைந்தது என்று எல்லாருக்கும் தெரியும். வாய்க்காலில் நுரையோடு தண்ணீர் வரும், சனம் கரையில் நின்று பார்க்கும். இங்கே அப்படி இல்லை. எஸ்டேட்டின் மேல்பக்கம், சோலைக்காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. நான் வந்த புதிதில் அதை வெறும் புல்வெளி என்றுதான் நினைத்தேன். படுகர் வீட்டு எருமைகள் அங்கே மேய்ந்துகொண்டிருக்கும். நான் மதியச் சாப்பாட்டுக்கு அதைக் குறுக்கே கடந்துதான் வீட்டுக்குப் போவேன்.

ஒரு நாள், மழை விட்டு வாரக்கணக்கில் ஆன பிறகு, நல்ல வெயிலில், அந்தப் புல்லில் கால் வைத்ததும் பொதக்கென்று அமுங்கியது. காலை எடுத்தேன். தடத்தில் தண்ணீர் ஊறியது. அடுத்த தடத்திலும். சுற்றிப் பார்த்தால் புல்லின் வேர்களுக்கு நடுவே சின்னச் சின்னக் குமிழ்கள். மண்புழுக்கள் கூட்டமாக மேலே வந்து நெளிந்தன. ஒரு வாய்க்கால் கிடையாது, ஒரு ஓடை கிடையாது. நிலமே தண்ணீராக மாறிக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பத்தே நாளில் அங்கே இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குளம் நின்றது. மாசிக்குப் பிறகு வந்த வழியே போய்விட்டது. லயத்துச் சனம் அதற்கு ஊத்துக்குளம் என்று பேர் வைத்திருந்தார்கள்.

லயம் என்றால் தொழிலாளர் வீடுகளின் வரிசை. இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த சொல். குளத்துக்கு நேர் கீழே, சரிவில், ஒன்பது குடும்பங்கள் இருந்த ஒரு லயம். அதன் பக்கவாட்டில் பாறையிடுக்கில் ஒரு குழாயைச் சொருகி ஊற்றுநீரைப் பிடிப்பார்கள். அதைப் பீலி என்பார்கள். எந்தக் கோடையிலும் பீலி நின்றதில்லை.

சாம்பல் நிறக் களி

குளத்தில் அளவுப் பலகையை நட்டது தேன்மொழி. நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்த பெண். மாதத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் மழையோடு சேர்த்து குளத்தின் அளவையும் எழுதி வைக்க முடியுமா என்று என்னைக் கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. சரி என்றேன்.

ஒரு கோடையில் குளம் காய்ந்திருந்தபோது, நீளமான துளைக்கம்பியைச் சுழற்றி இறக்கி மண்ணை எடுத்துக் காட்டினார். மேலே கறுப்பு மண், வெந்த ராகிக் களிபோல் கனமாக. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் வழவழவென்று களிமண். அதற்கும் கீழே செம்மண் நிறத்தில் உதிரி உதிரியாக, விரலால் அழுத்தினால் பொடியாகும் பாறை.

"மேல சோலையில பெய்யிற மழை மண்ணுக்குள்ள மெதுவா ஊறி இந்தப் பள்ளத்துல வந்து எந்திரிக்குதுங்கக்கா. அதைப் பிடிச்சு வச்சிருக்கிறது இந்தச் சாம்பல் களிதான். இதை மட்டும் யாராவது ஒடைச்சா, தண்ணி கீழ இருக்கிற உதிரிப் பாறைக்குள்ள எறங்கும். உள்ளுக்குள்ளேயே பொந்து போட்டுட்டுப் போகும். வெளிய ஒண்ணும் தெரியாது."

"போயி எங்கீங்க வரும்?"

தேன்மொழி சரிவின் கீழே கையைக் காட்டினார். லயத்துக் கூரைகள் தெரிந்தன.

நான் பேசாமல் இருந்தது

இனி எழுதப்போவதை என் பிள்ளைகளுக்குக்கூட முழுசாகச் சொன்னதில்லை.

அடுத்த சித்திரையில் மேனேஜர் ஒரு முடிவெடுத்தார். அந்தப் பள்ளத்தை வடித்துவிட்டால் அங்கேயும் தேயிலை நடலாம் என்று. ஒரு ஜேசிபி வந்தது. காய்ந்த குளத்தின் கீழ்ப்பக்கத்தில், ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாக ஒரு கால்வாயை வெட்டியது. மூன்றாம் நாள் வண்டி சேற்றில் புதைந்து, அதை இழுத்து எடுப்பதே பெரும்பாடாகி, வேலையை அப்படியே நிறுத்திவிட்டார்கள். வெட்டிய மண்ணையே திரும்பத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள்.

வண்டி வந்த நாட்களைப் பதிவேட்டில் எழுதியது நான். இரண்டாம் நாள் மதியம் போய்ப் பார்த்தேன். கால்வாயின் அடியில் சாம்பல் களி இல்லை. செம்மண் நிற உதிரிப் பாறை வெயிலில் சிவந்து கிடந்தது.

மேனேஜரிடம் சொல்ல வேண்டும் என்று ஆபீஸ் வாசல்வரை வந்தேன். அவர் சத்தம் போட்டு யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். என் மேசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். அந்த வருஷம் தேன்மொழிக்குக் குழந்தை பிறந்திருந்தது, அவரும் வரவில்லை. போனில் விசாரித்தபோது, "எல்லாம் நல்லா இருக்குதுங்க" என்றேன்.

ஐப்பசியில் குளம் வழக்கம்போல வந்தது. நான் கரையில் நின்று பெருமூச்சு விட்டேன். ஒன்றும் ஆகவில்லை, நான்தான் வீணாகப் பயந்தேன் என்று நினைத்தேன். சரியாக ஒரு மாதம் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

பீலியில் தேநீர் நிறம்

அந்தக் காலைக்கே வருகிறேன்.

தேன்மொழிக்குப் போன் போட்டேன். டவர் இல்லை. ஆபீசுக்கு ஓடினேன். மேனேஜர் ஹீட்டர் பக்கத்தில் கையைக் காய வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், குளம் எறங்குதுங்க. கீழ லயத்துல இருக்கிறவங்கள இப்பவே வெளியேத்தணுங்க."

"குளம் எறங்கினா நல்லதுதானேம்மா. ஏறினாத்தானே பயம்?"

"இல்லீங்க சார். அந்தத் தண்ணி வெளிய எங்கியும் வரல. மலைக்குள்ள போகுதுங்க."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க மழைக் கணக்க எழுதுங்க. மலைக் கணக்கு உங்களுக்கு வேண்டாம்."

அவர் அனுமதி தரவில்லை. தடுக்கவும் இல்லை. நான் அப்படியே சரிவில் இறங்கினேன். இறங்கும்போது முழுக்க ஒரே நினைப்பு. நான் சொல்வது தப்பாக இருந்தால் வேலை போகும். சரியாக இருந்தால்?

மழைக்கு வேலை இல்லாததால் எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். அடுப்புப் புகை கூரைக்கு மேலே போகாமல் தரையிலேயே படுத்திருந்தது. பீலியடியில் பாக்கியம் குடத்தோடு நின்றாள். செல்லையா அண்ணனின் மனைவி. குழாயிலிருந்து விழுந்த தண்ணீர், பால் விடாத தேநீர் நிறத்தில் இருந்தது.

"எப்பயிருந்துங்கக்கா இப்படி?"

"நேத்து பொழுதுசாயவே கலங்கிருச்சு கிளாக்கம்மா. துணி போட்டுத்தான் வடிகட்டுறோம். பாருங்க, துணியில எம்புட்டு மண்ணு."

துணியை வாங்கி விரலால் தேய்த்தேன். உதிரி உதிரியாக, செம்மண் நிறத்தில். அது எங்கிருந்து வருகிற மண் என்று எனக்குத் தெரியும். வாசல் வாசலாகப் போய், எல்லாரையும் உடனே வெளியே வரச் சொன்னேன்.

"ரெண்டு நாளைக்குத்தான்னாங்க"

மற்ற எட்டுக் குடும்பத்தில் பாதிப் பேர் உடனே கிளம்பினார்கள், பாதிப் பேர் தயங்கினார்கள். தயங்கியவர்கள் எல்லாரும் செல்லையா அண்ணனைப் பார்த்தார்கள். லயத்தில் அவர் பேச்சுக்குத்தான் மதிப்பு. ஐம்பது வயசிருக்கும். சின்ன வயசில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். அவர் வாசலில் குந்தி உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"மேட்டுல இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போயிரலாங்கண்ணா. மழை விடட்டும், பாத்துட்டு வரலாம்."

"யாரு சொல்லச் சொன்னது? மேனேஜர் தொரையா?"

"நானாத்தானுங்க சொல்றேன்."

"இந்த லயத்த எப்ப காலி பண்ணலாம்னு அவங்க பாத்துக்கிட்டே இருக்காங்க. ஒருக்கா வீட்ட விட்டு எறங்கினா பூட்டு போட்ருவாங்க." அவர் குரல் உயரவில்லை. "அங்க கண்டியில, எனக்கு அப்ப பன்னெண்டு வயசு கிளாக்கம்மா. கலவரம். ரெண்டு நாளைக்கு ஸ்கூல்ல இருங்க, அடங்கினதும் லயத்துல உங்க காம்பராவுக்குத் திரும்பலாம்னாங்க. எங்கம்மா ஒலைய அடுப்புலேயே வச்சிட்டு வந்துச்சு. அந்தக் காம்பராவ நாங்க மறுபடி பாக்கவே இல்ல. அங்கேயிருந்து முகாம், முகாமுலயிருந்து கப்பல். ரெண்டு நாளைக்குத்தான்னாங்க."

அவர் பயமும் பயம்தான். என் பயத்தைவிட வயசில் மூத்த பயம். தலைக்கு மேலே, தேயிலைக்குள் எங்கோ, தண்ணீர் உறிஞ்சுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. உண்மையிலேயே கேட்டதா என்று இன்றும் தெரியவில்லை.

"இதே வீட்டுக்குத் திரும்பி வருவீங்கண்ணா. நான் பொறுப்பு" என்றேன்.

எந்த அதிகாரத்தில் சொன்னேன்? ஒன்றும் கிடையாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவர் அசையவில்லை. பாக்கியம்தான் உள்ளே போய் அரிசி டின்னை இடுப்பில் வைத்து, கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நீ இரு. நான் போறேன்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு மேடேறினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் வளைவு திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செல்லையா அண்ணன் எழுந்து கதவைச் சாத்தினார். கொண்டியை மாட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.

வெயில்

அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் விடிந்தபோது வானம் துடைத்து வைத்ததுபோல் நீலமாக இருந்தது. தேயிலை இலைகளிலிருந்து ஆவி எழுந்தது. எல்லார் முகத்திலும் சிரிப்பு. பள்ளிக்கூட வாசலில் ஈரத்துணிகளைப் பிழிந்து உதறினார்கள். வேலைக்கு வரச் சொல்லி மேனேஜர் ஆள் அனுப்பினார். என்னிடம், அனுமதி இல்லாமல் பீதியைக் கிளப்பியதற்கு விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது.

"நமக்கெதுக்கு சரசு இந்த வம்பு?" என்றார் வீட்டுக்காரர்.

"ஏனுங்க, குளம் இன்னும் எறங்கிட்டுத்தானுங்க இருக்குது."

"மழைதான் விட்டிருச்சுல்ல?"

மழை விட்டது மலைக்கு மேலேதான். மலைக்கு உள்ளே போன தண்ணீர் விடாது. அதை எனக்குள் சொல்லிக்கொள்ளும்போது சரியாக இருந்தது. வெளியே சொன்னால் பைத்தியக்காரி பேச்சுபோல இருந்தது.

நான்காம் நாள் காலை. இரண்டு குடும்பங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு லயத்துக்கு இறங்கத் தயாராகிவிட்டார்கள். நானும் அவர்கள் பின்னாலேயே போனேன், எப்படி நிறுத்துவது என்று தெரியாமல். வளைவில், ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கே, செல்லையா அண்ணன் உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் முதல் ஆளாக இறங்கிப் போனவர் அவர்தான். கால் முழுக்கச் சேறு.

"யாரும் போகாதீங்க."

"என்னா மாமா, நீதானே அன்னிக்கு வரமாட்டேன்னு..." என்றான் மூட்டையோடு நின்ற ஒரு பையன்.

"பீலி நின்னுருச்சு."

"கலங்கல் நின்னா நல்லதுதானே?"

"கலங்கல் இல்லடா. தண்ணியே இல்ல. சொட்டு இல்ல." அவர் என்னைப் பார்த்தார். "இம்புட்டு வருசத்துல, பங்குனி சித்திரையில நிக்காத பீலி. மழை பேஞ்சு முடிச்ச மறுநாளே நிக்குது. அந்தத் தண்ணி எங்க கிளாக்கம்மா நிக்குது இப்ப?"

நான் போய் அவர் பக்கத்தில் ஈரமண்ணில் உட்கார்ந்தேன். எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் போகட்டும். ஆனால் யாரும் தாண்டவில்லை.

பதினொரு மணிக்கு

நல்ல வெயில். ஒரு குருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அது சட்டென்று நிறுத்தியதை நான் கவனித்தேன்.

எல்லாரும் இடி மாதிரி சத்தம் கேட்டிருக்கும் என்று நினைக்கிறார்கள். முதலில் சத்தமே இல்லை. லயத்துக்கு மேலே நின்ற சில்வர் ஓக் மரங்கள் மூன்று, நிமிர்ந்தபடியே, நின்ற வாக்கில் கீழே வந்தன. நடந்து வருவதுபோல. அவற்றோடு தேயிலை நிரைகளும் கலையாமல் அப்படியே நகர்ந்தன. நான் கண்ணைக் கசக்கினேன். அதற்குப் பிறகுதான் சத்தம். பாறையும் வேரும் சேர்ந்து அறுபடுகிற சத்தம். அடிவயிற்றில் கேட்டது. மலைச்சரிவில் ஒரு வாய் திறந்து, அதிலிருந்து செந்நிறத் தண்ணீர் பீறிட்டு அடித்தது. பச்சை மண்ணின் வாசனை மூக்கை அடைத்தது. இன்றும் எங்காவது புதிதாக மண் தோண்டினால் நான் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

ஒன்பது வீட்டில் ஆறு வீடு இல்லை. மாட்டுக் கொட்டகையில் கட்டியிருந்த இரண்டு பசுக்களும் போயின. மனிதர்கள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

செல்லையா அண்ணன் என் முழங்கையைப் பிடித்திருந்தார். அவர் விரல் பதிந்த தடம் ஒரு வாரம் கன்றிப்போய் இருந்தது. பாக்கியம் மேட்டிலிருந்து ஓடி வந்து, ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டு, பேர் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். என்னையும் தொட்டாள்.

விசாரணை

அதிகாரிகள் வந்தார்கள். ஆபீசில் நாற்காலி போட்டு விசாரித்தார்கள். எதிர்பாராத கனமழை என்று மேனேஜர் சொன்னார். அவர் பேசி முடித்ததும் நான் எழுந்து, சித்திரை மாதத்துப் பதிவேட்டை விரித்து அதிகாரியின் முன்னால் வைத்தேன்.

"மழை மட்டும் இல்லீங்க. இந்த மூணு நாள் ஜேசிபி வந்து குளத்தோட அடியை வெட்டுச்சுங்க. நான் பாத்தேன்."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே லயத்துச் சனம் நின்றிருந்தது.

"பயமா இருந்துச்சுங்க."

ஜன்னல் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

என்னை ஆபீசிலிருந்து தொழிற்சாலை ஸ்டோருக்கு மாற்றினார்கள். மேனேஜரும் சில மாதத்தில் வேறெங்கோ போனார். புதிதாக வந்தவர் பள்ளத்தையும் அதற்கு மேலே உள்ள சோலையையும் தொடுவதில்லை என்று எழுதிக் கொடுத்தார். தேன்மொழி கைக்குழந்தையோடு வந்து, பழைய கால்வாயை மறுபடி திறந்து, களிமண்ணைச் சாண் சாணாகப் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்த வைத்தார். அந்த வேலையைச் செய்தவர்கள் வீடு போன சனம்தான். அடுத்த வருஷம் குளம் ஒன்றரை மாதம் தாமதமாக வந்தது. வந்தபோது வேறு யாரும் பார்க்கப் போகவில்லை. நான் போனேன், கரையில் கால் வைக்காமல் மேட்டில் நின்றே பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

புது வீடு

வீடிழந்தவர்களுக்கு அரவேணு போகிற வழியில் வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தார்கள். குடியேறிய சில மாதத்தில் செல்லையா அண்ணனைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். இதே வீட்டுக்குத் திரும்பி வருவீர்கள் என்று சொல்லிக் கூட்டிப்போனவள் நான்.

அவர் என்னைப் பேசவே விடவில்லை. தேநீர் குடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு எழுந்தார்.

"அது கெடக்கட்டும் கிளாக்கம்மா. நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. பின்னால வந்து ஒண்ணு பாருங்க."

வீடுகளுக்குப் பின்னால், மலையைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். இரண்டு ஆள் உயரத்துக்குச் செம்மண் சுவர். பாக்கியம் அதை ஒட்டிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். செல்லையா அண்ணன் ஓரிடத்தைக் காட்டினார். நான் உள்ளங்கையை வைத்தேன். கை நனைந்தது.

"மழை பேஞ்சு எத்தன நாள் ஆச்சுங்கண்ணா?"

"ஒம்போது நாளு."

கையை எடுக்க முடியவில்லை. சுவருக்குள் இருந்து சில்லென்று ஏறியது. எனக்கு மறுபடியும் அதே பயம்தான், கொஞ்சமும் குறையாமல். யாரிடம் போய்ச் சொல்வது, யார் என்ன சொல்வார்கள், என் வேலை என்ன ஆகும் என்று வரிசையாக எல்லாம் வந்தன.

"பாக்கியம் அக்கா" என்றேன். "பாத்திரத்த அப்புறம் கழுவலாங்க. மொதல்ல எல்லாரையும் வாசப்பக்கம் கூப்புடுங்க."